‘விற்காதே’ என்ற நெய்வேலி, ‘யாருக்கு விற்பது’ என்று பேசத் தொடங்கிய நாள்

2013 ஜூலை 3-ம் தேதி இரவு ஷிப்ட்டோடு, மத்திய அரசின் பழுப்பு நிலக்கரி நிறுவனமான நெய்வேலி என்எல்சியில் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கை ஒரே வரிதான்: என்எல்சி பங்கை விற்காதே. தொமுச, அண்ணா தொழிற்சங்கம், சிஐடியு, ஏஐடியுசி, பாட்டாளி தொழிற்சங்கம் என்று, தேர்தல் வந்தால் ஒன்றையொன்று முகம் பார்க்காத கொடிகள் எல்லாம் அன்று ஒரே பக்கம் நின்றன. உயர் நீதிமன்றத்தின் தடை உத்தரவு வந்தும் ஆட்கள் வேலைக்குத் திரும்பவில்லை.

ஜூலை மத்தியில் போராட்டம் முடிந்தது. பங்கு விற்கப்பட்டது.

வாங்கியவை தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள்: டிட்கோ, சிப்காட், டிஐஐசி, டஃபிட்கோ, தமிழ்நாடு பவர் ஃபின்கார்ப். பங்கு ஒன்றுக்கு சுமார் 60 ரூபாய். மொத்தம் 3.56 சதவீதம், ஏறத்தாழ 358 கோடி ரூபாய். தனியார் கைக்குப் போகாமல் மாநில அரசின் கைக்கே வந்துவிட்டது என்ற நிம்மதியோடு தொழிலாளர்கள் பணிக்குத் திரும்பினார்கள். முதல்வர் ஜெயலலிதாவின் யோசனை அது. அன்றைய நிலையில் அதைவிட நல்ல வழி இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஆனாலும் நெய்வேலியின் தொழிற்சங்க வரலாற்றில் அந்த ஜூலை ஒரு பிரிகோடு. அதுவரை கேள்வி ‘விற்கலாமா, கூடாதா’ என்பது. அதன்பிறகு ‘யாருக்கு, எவ்வளவு, என்ன விலைக்கு’ என்பது. 2017 அக்டோபரில் சந்தையில் பங்கு விற்கப்பட்டது. 2024 மார்ச் 7, 8 தேதிகளில், அடிப்படை விலை 212 ரூபாய் என்று வைத்து, மேலும் 7 சதவீதம் போயிற்று. 2013-ல் 93.56 சதவீதமாக இருந்த மத்திய அரசின் பங்கு 72.20 சதவீதத்துக்கு இறங்கியது. 3.56 சதவீதத்துக்காக மின்சாரத்தை நிறுத்தத் துணிந்த ஊர், அதன் ஏறத்தாழ இரு மடங்கு இரண்டே நாளில் கைமாறியபோது ஒரு ஷிப்ட்டைக்கூட நிறுத்தவில்லை.

ஒரு சமரசத்தின் உண்மையான விலை அது நடந்த அன்று தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அந்த விலையைப் பற்றியது. அதை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றியது.

வாஷிங்டனில் ஒரு ‘மாட்டேன்’

சமரசம் செய்யலாமா கூடாதா என்ற இதே சண்டை, நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தில், அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. விஷயம் துப்பாக்கி. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் சங்கமான நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் (என்ஆர்ஏ) 1871-ல் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் தங்கள் வீரர்கள் குறி தவறிச் சுட்டதைப் பார்த்து நொந்த இரு முன்னாள் ராணுவ அதிகாரிகள், குறிபார்த்துச் சுடப் பழக்குவதற்காகத் தொடங்கிய சங்கம். நெடுங்காலம் அது அரசோடு பேசிப் பேசியே காலம் தள்ளியது. இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் 1934-ம் ஆண்டுச் சட்டத்தின்போது அதன் தலைவரே நாடாளுமன்றக் குழுவின் முன்வந்து சாட்சியம் சொன்னார். பொது இடங்களில் ஆளாளுக்குத் துப்பாக்கியோடு திரிவது தமக்கு உடன்பாடில்லை என்றார். கென்னடியைக் கொன்ற துப்பாக்கி வாங்கப்பட்டது அந்தச் சங்கத்தின் சொந்தப் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான். அதற்குப்பின் தபாலில் துப்பாக்கி விற்பதைத் தடை செய்யும் 1968-ம் ஆண்டுச் சட்டத்தையும் சங்கத்தின் தலைமை ஓரளவு ஏற்றுக்கொண்டது.

உள்ளே குமுறல் தொடங்கியது. 1970-களின் நடுவில் கலிஃபோர்னியா மாநில செனட்டர் எச்.எல். ரிச்சர்ட்சன் ‘கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற போட்டிச் சங்கத்தைத் தொடங்கினார். 1977 மே மாதம் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக்கூட்டத்தில் என்ஆர்ஏவின் பழைய தலைமையை உறுப்பினர்களே ஓர் இரவுக்குள் கவிழ்த்தார்கள். அதன்பிறகும் பேரம் நிற்கவில்லை. 1986-ல் துப்பாக்கிக்காரர்களுக்குப் பல சலுகைகள் கொடுத்த சட்டம் நிறைவேறியபோது, அதற்கு விலையாக, புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதற்குத் தடையும் சேர்ந்தே வந்தது.

டெக்சஸிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான ரான் பால் இங்கேதான் வருகிறார். மகப்பேறு மருத்துவர், அரசியல் சட்டம் அனுமதிக்காத எதற்கும் ஓட்டுப் போடமாட்டேன் என்றதால் ‘டாக்டர் நோ’ என்று பெயர் வாங்கியவர். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் வளாகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மனநலம் குறித்த நீதிமன்றப் பதிவுகளைத் துப்பாக்கி விற்பனைச் சோதனையில் சேர்க்க ஒரு மசோதா வந்தது. என்ஆர்ஏவின் முன்னாள் நிர்வாகக்குழு உறுப்பினரான ஜான் டிங்கலும், துப்பாக்கிச் சூட்டில் கணவரை இழந்த கரோலின் மெக்கார்த்தியும் சேர்ந்து முன்னெடுத்த மசோதா அது. என்ஆர்ஏ தலையசைத்தது. ஜூன் 13 அன்று பிரதிநிதிகள் சபையில் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிட்டது. ரான் பால் எதிர்த்தார். அடிப்படை உரிமையின் மீது கை வைக்கும் அப்பட்டமான அத்துமீறல் என்றார். வாஷிங்டனில் சமரசம் செய்துகொள்ளாத ஒரே துப்பாக்கிச் சங்கம் கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்காதான் என்று அவர் கொடுத்த நற்சான்றைத்தான் அந்தச் சங்கம் இன்றுவரை தன் முகப்பில் தாங்கி நிற்கிறது. பெயர் சொல்லாமலே அது என்ஆர்ஏ மீது விழுந்த அடி.

அவர் தர்க்கம் எளிது. உரிமை என்று ஒன்றைச் சொல்லிவிட்டு அதில் இவ்வளவு விட்டுத் தருகிறேன் என்று நீயே மேசைக்கு வந்தால், அது உரிமை இல்லை, சலுகைதான் என்று நீயே ஒப்புக்கொள்கிறாய். அடுத்தமுறை எதிராளி பேச்சை அங்கிருந்துதான் தொடங்குவான்.

அவர் காக்க நினைத்த பொருளோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகமான நாடு அது. அங்கே ‘விட்டுத்தர மாட்டேன்’ என்ற பிடிவாதத்துக்கான விலையைப் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் செத்தவர்கள் கட்டினார்கள்; அவர்களில் ஒருவர்கூட அந்தப் பேச்சுவார்த்தை அறையில் இருந்ததில்லை. நம் நாட்டிலும் 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, ஓர் ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்கக் கொண்டுவரப்பட்ட மசோதா, எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு என்று முடிந்தது. அந்தச் சமரசத்தால் யாருடைய அடிப்படை உரிமையும் போய்விடவில்லை. ஆக, சமரசமே பாவம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பேரத்தின் நடைமுறையைப் பற்றி ரான் பால் சொன்னது சரி. நெய்வேலி மறுத்தும் பார்த்திருக்கிறது, விட்டுக்கொடுத்தும் பார்த்திருக்கிறது.

பதினாறு எம்.பி.க்களின் பலம்

2006 ஜூனில் மன்மோகன் சிங் அரசு என்எல்சியின் 10 சதவீதப் பங்கை விற்க ஒப்புதல் தந்தது. அப்போது கருணாநிதி முதல்வராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சட்டமன்றத்தில் திமுகவுக்கு 96 இடங்கள்தான்; காங்கிரஸின் 34 பேர் தாங்கினால்தான் ஆட்சி. அந்த நிலையிலும் அவர் மத்திய அரசைப் பார்த்து, பங்கை விற்றால் கூட்டணியில் நீடிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று நின்றார். மக்களவையில் திமுகவின் 16 பேரை இழப்பது டெல்லிக்குச் சிறிய விஷயமில்லை. நெய்வேலியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை முதல் வாரத்தில் பிரதமர் என்எல்சியை மட்டுமல்ல, நாடு முழுக்க எல்லாப் பங்கு விற்பனை முடிவுகளையும் நிறுத்திவைத்தார்.

அதில் எட்டு சதவீதம் விற்கலாம், ஆறு விற்கலாம் என்ற பேச்சு எழவே இல்லை. ‘கூடாது’ என்ற ஒரு சொல் ஏழு வருஷம் தாங்கியது.

2013-ல் அந்தப் பலம் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் ஈழப் பிரச்சினையை முன்வைத்து திமுக மத்திய அரசிலிருந்து வெளியேறியிருந்தது. ஜெயலலிதா எதிர்க்கட்சி முதல்வர். டெல்லியைக் கவிழ்ப்பேன் என்று சொல்ல அவரிடம் எதுவுமில்லை. மறுபக்கம் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் விதி: பட்டியலிடப்பட்ட பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 சதவீதம் அரசுக்கு வெளியே இருக்க வேண்டும், 2013 ஆகஸ்டுக்குள். என்எல்சியில் வெளியே இருந்தது 6.44 சதவீதம். குறை 3.56. பிரதமருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிப் பயனில்லை என்றானதும், அந்தப் பங்கை எங்கள் மாநில நிறுவனங்களுக்கே கொடுங்கள் என்று ஜெயலலிதா கேட்டார். செபி ஒத்துக்கொண்டது. மத்திய அரசுக்குக் கெடு தப்பியது, மாநில அரசுக்குப் பெயர் கிடைத்தது, தொழிலாளிக்குச் சம்பள வெட்டு நீளாமல் நின்றது.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்த அந்த ஏற்பாட்டில் ஒன்று மட்டும் போயிற்று. பங்கு விற்பனையே தவறு என்ற வாதம் அன்றோடு நின்றுபோனது. வாங்கியது மாநில அரசு என்பதால் விற்றது சரி என்றாகிவிட்டது. விற்பனை சரி என்றால், அடுத்தமுறை வாங்குகிறவர் மாறும்போது எதை வைத்து எதிர்ப்பது?

பின்னர் நடந்த விற்பனைகளை எதிர்த்தவர்களும் இருந்தார்கள், அறிக்கைகள் வந்தன, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2006-ல் போல ஓர் ஆட்சியை உலுக்கிப் பார்க்கும் குரல் மட்டும் எழவில்லை. ஒரு தேதியைக் குறித்துவைக்க வேண்டும். 2024 மார்ச் 7, 8-ல் மத்திய பாஜக அரசு 7 சதவீதத்தை விற்றது. என்எல்சிக்கு எதிராகப் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்ற பாமக, அதே மாதம் 19-ம் தேதி பாஜகவோடு மக்களவைத் தேர்தல் கூட்டணிக்குக் கையெழுத்திட்டது. பாமகவைத் தனியே பிடித்துக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 2006-ல் கூட்டணியைப் பணயம் வைத்த திமுக அதே கூட்டணியில் தொடர்ந்த காலத்தில்தான் என்எல்சிக்காக நிலமெடுப்பும் ஒப்பந்த முறையும் வளர்ந்தன. அதிமுக தன் பத்தாண்டு ஆட்சியில் அவற்றை நிறுத்தவில்லை. நெய்வேலியில் அடுத்தவரின் சமரசத்தைக் கண்டிக்காத கட்சியும் கிடையாது, தன் பங்குக்கு ஒரு சமரசம் செய்யாத கட்சியும் கிடையாது.

மேசையில் இடமில்லாதவர்கள்

பங்கு விற்பனைச் சண்டையில் ஒரு வசதி இருந்தது. பர்மனென்ட் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி, அதிகாரி, வியாபாரி எல்லோரும் ஒரு பக்கம் நிற்கலாம். மற்ற நாட்களில் நெய்வேலி இப்படி இருப்பதில்லை.

ஒரே சுரங்கத்தில் ஒரே பெல்ட்டின் இருபுறமும் நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, போனஸ், பென்ஷன். மற்றவருக்கு நாள்கூலி. அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து போடும் ஊதிய ஒப்பந்தம் முதலாமவருக்கு. இரண்டாமவருக்காக வந்த ஏற்பாடுதான் ‘சொசைட்டி’: இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம். காண்ட்ராக்டில் பல வருஷம் உழைத்தவரை மூப்பு வரிசைப்படி சொசைட்டிக்கு மாற்றுவார்கள். கூலி கொஞ்சம் கூடும், ஆனால் என்எல்சி தொழிலாளி என்ற பெயர் வராது. பணி நிரந்தரம் கேட்டவருக்கு நடுவழியில் ஒரு திண்ணையைக் காட்டி, இங்கே உட்கார் என்றதுதான் அது. அந்தத் திண்ணையிலேயே ஓய்வு வயதை எட்டியவர்கள் மந்தாரக்குப்பத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உண்டு.

இந்தச் சமரசத்தின் விலை சம்பளப் பட்டியலில் மட்டும் எழுதப்படவில்லை. 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்கத்தின் வாயிலில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் சுட்டதில் செத்தவர் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. 2020-ல், மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும், இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அமெரிக்காவில் துப்பாக்கிக்காக ஒரு சங்கம் பேசுகிறது. இங்கே துப்பாக்கிக்கும் கொதிகலனுக்கும் எதிரே நிற்கிறவருக்காக, கையெழுத்துப் போடும் உரிமையோடு பேச ஒரு சங்கம் இல்லாமல் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் சங்கங்கள் பிறகு தனியாக எழுந்தன. பலமுறை வேலைநிறுத்தம் செய்தன. அவை எழ வேண்டியிருந்ததே பழைய சங்கங்களின் மேல் வைக்கப்பட்ட விமர்சனம்தான்.

இன்னொரு கூட்டம் கிராமங்கள். 1956-ல் நிறுவனம் பதிவாகி, 1957 மே 20-ல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்த நாள்முதல் நிலம் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள். வீட்டுக்கு ஒரு வேலை, நிலத்துக்கு ஈடு, மாற்று மனை என்று ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகப் பேசியது. தனித்தனியாகவே முடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் வாங்கிய தொகை அடுத்த காலத்துக்கு அற்பமாகத் தெரிந்தது. வேலை என்ற வாக்குறுதி கூடுதல் பணமாக மாறியது.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் நடந்தது இந்தக் கணக்கின் உச்சம். பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காகக் கதிர்விட இருந்த நெல்வயலில் பொக்லைன்களை இறக்கினார்கள். சட்டப்படி அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே என்எல்சிக்குப் போய்விட்டது. ஆனால் பணம் போதாது, வேலை வரவில்லை என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிலம் சும்மா கிடந்ததால் உழுதார்கள், நட்டார்கள். இரண்டு நாள் கழித்து பாமகவின் அன்புமணி ராமதாஸ் நெய்வேலி ஆர்ச் கேட்டில் முற்றுகை நடத்தினார். கல்வீச்சு, தண்ணீர்ப் பீரங்கி, கண்ணீர்ப்புகை, வானை நோக்கித் துப்பாக்கிச் சூடு என்று அது முடிந்தது. என்எல்சிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் வேலையைத் தமிழக அமைச்சரும் மாவட்ட நிர்வாகமும் செய்கிறார்கள் என்பது அவர் திரும்பத் திரும்ப வைத்த குற்றச்சாட்டு.

அந்த நாட்களில் உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைக்கிறேன். நீதிபதி தண்டபாணி முன்னால் இருந்தது விவசாயிகளின் வழக்கு அல்ல. ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு எதிராக என்எல்சி கொண்டுவந்த வழக்கு. அதை விசாரிக்கும்போதுதான், பயிரை அழிக்கும் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்தது, அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். தொழிலாளி வழக்கில் விவசாயியின் நெல் பேசப்பட்டது. சங்கங்கள் அறுபது ஆண்டுகளாகச் சேர்க்காத இரண்டு தரப்பு ஒரு நீதிபதியின் வாயில் சேர்ந்தது. பிறகு அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று இழப்பீடு முடிவானது. அதுவும் ஒரு சமரசம்தான்.

சேத்தியாத்தோப்பில் செல்லாத பேரம்

அதே 2023-ல், வளையமாதேவிக்கு நாலு மாதம் முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு விட்ட பட்டியலில் காவிரிப் படுகையின் மூன்று இடங்கள் இருந்தன: வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு. சேத்தியாத்தோப்பு நெய்வேலிக்குக் கூப்பிடு தூரம். விஷயம் தெரிந்ததும் விவசாயச் சங்கங்கள் கொந்தளித்தன. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். ஒரு சுரங்கத்தையும் அனுமதிக்க மாட்டோம் என்று சட்டமன்றத்தில் சொன்னார். அன்றைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலையும் மத்திய அமைச்சருக்கு எழுதினார். சில நாட்களில், ஏப்ரல் 8 அன்று, மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஏக்கருக்கு எவ்வளவு என்ற பேச்சுக்கே இடம் வரவில்லை. 2020-ல் எடப்பாடி பழனிசாமி அரசு கொண்டுவந்த வேளாண் மண்டலச் சட்டம் பின்னால் இருந்தது. அதைவிட முக்கியமாக, அங்கே அதுவரை யாரும் முன்பணம் வாங்கியிருக்கவில்லை.

சேத்தியாத்தோப்பின் மண் நெய்வேலியின் மண்ணைவிடப் புனிதம் என்று எந்த உழவரும் சொல்லமாட்டார். ஓர் இடத்தில் முழுக் குரலில் ‘கூடாது’ என்ற அதே கட்சிகள், சில கிலோமீட்டர் தள்ளி ‘நல்ல விலை கொடு’ என்கின்றன. 26 கிராமங்களில் 12,000 ஏக்கருக்கும் மேல் கேட்கும் மூன்றாம் சுரங்கத் திட்டம் இன்னும் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. அந்தக் கிராமங்கள் எந்தப் பக்கத்துக் கணக்கில் வரும் என்பதைத்தான் அடுத்துப் பேச வேண்டும்.

அந்தப் பேச்சில் யார் உட்காருவது என்பதே என் முதல் கவலை. நிரந்தரத் தொழிலாளியின் சங்கம் தன் ஊதிய ஒப்பந்தத்தோடு எழுந்துபோனால், சொசைட்டித் தொழிலாளி தனியே நிற்பார். சொசைட்டித் தொழிலாளிக்கு ஏதாவது கிடைத்தால், நிலம் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளையின் இடம்தான் அதில் குறையும் என்று நிர்வாகம் கணக்குக் காட்டும். இதுவரை அப்படித்தான் ஒவ்வொரு தரப்பும் மற்றவருக்கு எதிராக நிறுத்தப்பட்டது. ஒரே மேசையில் மூவரும் உட்கார வேண்டும். ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் கையெழுத்துப் போடுவதில்லை என்று மூவரும் முதலில் தங்களுக்குள் எழுதிக்கொள்ள வேண்டும். நெய்வேலியில் இன்றுவரை எந்தச் சங்கமும் எந்தக் கட்சியும் அப்படி ஒரு காகிதத்தைத் தயாரித்ததில்லை. அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தைக்கு முன்பே அதைத் தயாரிக்க முடியும். அதற்கு டெல்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை.